பழைய கமராவும் கண்டிப் பூஞ்சணமும்

கைத்தொலைபேசியால் ஒரு படத்தைப் பிடித்து, அடுத்த நிமிடமே அதனைக் கடல் கடந்து வாழும் உறவினருக்கு அனுப்பிவிடும் காலம் இது. இக்காலத்திலே, முப்பத்தாறு படங்களும் முடியும்வரை பொறுத்திருந்து, சுருளைக் கழற்றிக் கழுவக் கொடுத்து, அதன் பின்னரும் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கச் செய்யும் பழைய பிலிம் கமராவை எவர் விரும்புவர் என்று மூத்தோர் எண்ணுவது இயல்பே. ஆயினும் விரும்புவோர் இருக்கின்றனர். அவர்களுட் பலர், அந்தக் கமராக்கள் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் பிறந்தேயிராத இளைஞர்கள். பென்ரக்ஸ் என்னும் யப்பானியக் கமராவைச் செய்வோர் 2024ஆம் ஆண்டிலே புதியதொரு பிலிம் கமராவை விற்பனைக்கு விட்டனர் என்றால், இதனை நாலு பேரின் கிறுக்கு என்று ஒதுக்கிவிட இயலாது.

புதிய கமரா எல்லோர்க்கும் எட்டுவதன்று. ஆகவே நாட்டம் பழையதின்மேற் செல்கின்றது. பழையது கிடைக்கும் இடமோ இணையச் சந்தை. அங்கே பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாது. நான்கு படங்களையும் இரண்டு வரி விளக்கத்தையும் நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டும். பேராதனையிலே பயிலும் ஒரு மாணவர், மாலை வேளைகளில் சிறுவர்க்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சில மாதங்களாகச் சேர்த்த பணத்தை இவ்வாறு செலவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பொதி வீடு வந்து சேர்கின்றது. வெளியே பளபளப்பு, உள்ளேயோ கண்ணாடி முழுவதும் சிலந்திவலை. அவருக்கு நேர்ந்த நட்டம் சிறிதன்று. அந்நட்டம் நேராதிருக்க வேண்டுமாயின் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதைக் கண்டி வாசிகளை மனத்திற் கொண்டு இங்கு எழுதுகிறோம்.

கமராவுக்குக் கண்டி புதிய ஊரன்று. 1860களின் பிற்பகுதியிலேயே யோசப் லோட்டன் என்னும் ஆங்கிலேயர் இங்கே படத்தொழில் நடத்தினார். அனுராதபுரத்தினதும் பொலன்னறுவையினதும் சிகிரியாவினதும் இடிபாடுகளை 1870, 1871ஆம் ஆண்டுகளில் படமாக்கியவர் அவரே. அந்நாளில் பிலிம் என்பது இல்லை. கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, அது உலருமுன் படத்தைப் பிடித்து, காட்டு நடுவிலே அடித்த இருட்டுக் கூடாரத்துக்குள் அப்பொழுதே கழுவியாக வேண்டும். அவருக்குப் பின் 1870களில் சார்ள்ஸ் ஸ்கோவன் கண்டியிலே ஸ்ரூடியோ வைத்தார். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலிலே காணப்படும் கண்டிக் கைவினைஞரின் படங்கள் பலவற்றை எடுத்தவர் அவருடைய துணைவியார் எதெல் அம்மையார். கணவரின் பெயரை அறிந்தோர் ஆயிரம் பேராயின், அம்மையாரின் பெயரை அறிந்தோர் பத்துப் பேர்கூட இரார்.

இவை ஏடறிந்த பெயர்கள். ஏடறியாத படங்கள் இவற்றினும் மிகப் பல. 1964ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அதன்படி மலையகத் தமிழருள் 525,000 பேர் இந்தியக் குடியுரிமைக்கும், 300,000 பேர் இலங்கைக் குடியுரிமைக்கும் என்று பிரிக்கப்பட்டனர். கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகர் அலுவலகத்துக்குப் படத்தோடு போக வேண்டும். கமராவின் முன் நிற்கும் எண்ணமே இல்லாதிருந்த தோட்டத்துப் பெரியவர்களும் அதன் முன் நின்றனர். பின்னர் 1972 முதல் தேசிய அடையாள அட்டை வந்தபோது எஞ்சியோரும் நின்றனர். தலைமன்னாரிலிருந்து கப்பலேறுமுன் குடும்பமாக நின்று எடுத்த ஒரு படம், இன்று தமிழ்நாட்டில் ஒரு வீட்டுச் சுவரிலும் அதன் மறுபிரதி இங்கே ஒரு லயத்துச் சுவரிலும் தொங்கக் காணலாம். அப்படங்களை எடுத்த கமராக்களுட் சில அலுமாரிகளில் உறங்கி, இப்பொழுது பேரப்பிள்ளைகளின் கையால் இணையத்துக்கு வருகின்றன.

இனி, கண்டியின் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில், சுற்றிலும் மலை சூழ்ந்த கிண்ணம்போல அமைந்த ஊர். நடுவிலே ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் அமைத்த ஏரி. ஒரு புறத்தில் வளைந்தோடும் மகாவலி கங்கை. தென்மேற்குப் பருவக்காற்றின் மழையும் உண்டு; ஐப்பசி கார்த்திகையின் மாலை மழையும் உண்டு. ஊரின் அழகுக்கு இவையெல்லாம் காரணம். பூட்டி வைத்த சப்பாத்தின்மேற் பச்சை பூப்பதற்கும் இவையே காரணம். சப்பாத்தைத் துடைத்துவிடலாம். லென்சுக்குள்ளே பூத்தால் என் செய்வது?

பூஞ்சணத்தின் வித்துகள் காற்றிலே எங்கும் உள்ளன. லென்சைச் செய்த நாளிலிருந்தே இரண்டொன்று உள்ளே குடியிருக்கவுங் கூடும். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு அறுபது எழுபதைத் தாண்டி நெடுநாள் நிற்குமாயின் அவை முளைக்கின்றன. அவற்றுக்கு உணவு, கண்ணாடியிற் படிந்த தூசும் விரலெண்ணெயும் இயந்திர எண்ணெயின் ஆவியுமே. முதலில் ஒரு புள்ளி. அதிலிருந்து நரைமயிர் போன்ற இழைகள். பின்னர் கிளை கிளையாகப் பரந்த வலை. இம்மட்டில் நின்றால் தேர்ந்த கைவினைஞர் லென்சைப் பிரித்துத் துடைத்துவிடுவார். ஆயின் இவ்விழைகள் ஒருவகை அமிலத்தைச் சுரக்கின்றன. அது கண்ணாடியின் மேற்பூச்சை அரித்து, நாளடைவிற் கண்ணாடியையே அரிக்கின்றது. அரித்த தடம் துடைத்தாற் போகாது.

இருட்டும், காற்றோட்டமின்மையும், ஈரத்தைப் பிடித்து வைக்கும் தோலும் பூஞ்சணத்துக்கு உவப்பானவை. எமது வீடுகளிலே கமராவை எவ்வாறு பாதுகாத்தோம்? தோல் உறைக்குள் இட்டு, துணிக்குள் சுற்றி, அலுமாரியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினோம்! அருமையாகப் போற்றிய கமராவே அதிகமாகக் கெட்டிருப்பதன் மருமம் இதுதான். ஆதலால் ஒருவர் “தாத்தாவின் கமரா, உறையோடு அப்படியே இருக்கிறது, இருபது வருடமாக எடுக்கவேயில்லை” என்று விளம்பரம் செய்தால், அதைப் படித்து மகிழாமல் ஐயுறவே வேண்டும். தோல் உராய்ந்து, மூலைகளில் பித்தளை தெரியுமளவுக்குப் பாவித்த கமரா பல வேளைகளில் நலமாக இருக்கும். ஓடிய வண்டிதான் ஓடும்.

விளம்பரப் படத்தில் தெரிவது கமராவின் வெளித்தோற்றம் மட்டுமே. உட்புறத்தைக் காட்டும்படி நாமே கேட்க வேண்டும். “ஐயா, லென்சின் துவாரத்தை முழுதாகத் திறந்து, பின்புறத்திலிருந்து ரோர்ச் அடித்து ஒரு படம் அனுப்புவீர்களா?” என்று மரியாதையாக ஒரு வரி எழுதினாற் போதும். நேர்மையான விற்பனையாளர் அனுப்புவார். நேரமில்லை என்பவரிடமும், படம் தெளிவாக வராது என்பவரிடமும் மேலே பேசுவதிற் பயனில்லை. “சோதித்துப் பார்க்கவில்லை” என்ற சொல்லுக்கும் பொருள் அறிந்துகொள்ள வேண்டும். உண்மையிலே சோதிக்கத் தெரியாதவரும் அவ்வாறு எழுதுவர். சோதித்துப் பார்த்துக் குறையைக் கண்டவரும் அவ்வாறே எழுதுவர். வாங்குபவர் இரண்டாவதையே கருதி விலை பேசுதல் நன்று.

இங்கு ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஓரத்திலே சிறிது பூஞ்சணம் இருப்பதால் மட்டும் படம் கெட்டுவிடாது. வெளிச்சத்தை எதிர்கொண்டு எடுக்கும் படத்தில் மங்கல் தோன்றுமேயன்றி, மற்றவற்றிற் குறை தெரியாது. விலை அதற்கேற்பக் குறையுமாயின், கற்றுக்கொள்ள விரும்பும் மாணவர் அத்தகைய கமராவையும் வாங்கலாம். வாங்கிய பின் தோல் உறையைக் கழற்றி எறிந்துவிட்டு, காற்றுப் புகாத பெட்டியிலே சிலிக்கா ஜெல் மணிகளோடு வைக்க வேண்டும். நீல நிற மணிகள் ஈரத்தைக் குடித்து இளஞ்சிவப்பாக மாறும். சூடேற்றினால் மீண்டும் நீலமாகும். மாதமொரு முறை கமராவை வெளியில் எடுத்துப் படம் பிடிப்பதே எல்லாவற்றினும் மேலான மருந்து.

இயலுமாயின் அருகிலுள்ளவரிடம் வாங்குக. கட்டுகஸ்தோட்டையிலோ கம்பளையிலோ மாத்தளையிலோ உள்ளவரிடம் பேருந்தேறிப் போய்ப் பார்த்துவிடலாம். பகல் வேளையில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில், வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுச் சந்திப்பது முறை. கையில் ஒரு சிறு ரோர்ச் போதும். பின்மூடியைத் திறந்து, மெதுவான வேகங்களில் ஷட்டரை இயக்கி ஒலியைக் கேளுங்கள். ஒரு செக்கன் என்பது ஒரு செக்கனாகவே ஒலிக்க வேண்டும். நடுவிலே இழுத்து நின்றால் உள்ளே எண்ணெய் இறுகிவிட்டது என்று அறியலாம். துணித் திரையுள்ள கமராவாயின் ஊசித் துளை உண்டா என்று வானத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துருத்தி வைத்த கமராவின் மடிப்பு மூலைகளிலும் அவ்வாறே. கண்ணாடி மேலெழும்பும் வகைக் கமராக்களின் உள்ளே ஒட்டிய கறுப்புப் பஞ்சு தார் போல் உருகியிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அதைச் சுரண்டிவிட்டுப் புதிது ஒட்டலாம். சோவியத்து நாட்டுச் சோர்க்கி, ஃபெட் முதலியவற்றைப் பார்ப்பவர், பிலிம் சுற்றும் விசையை இழுக்குமுன் வேகச் சக்கரத்தைத் திருப்பலாகாது. திருப்பினால் உள்ளே பழுது நேரலாம். விற்பவரோடு வழக்கும் நேரலாம்.

வெளிநாட்டிலிருந்து, முக்கியமாக யப்பானிலிருந்து, வரவழைப்போரும் உளர். அங்குள்ள விற்பனையாளர் பலர் பூஞ்சணம், மங்கல், கீறல் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதி, இருபது படங்கள் போடுவதுண்டு. அவ்விளக்கத்தை இறுதிவரை வாசிக்க வேண்டும். தலைப்பிலே “மிக உயர்ந்த நிலை” என்றும், அடியிலே “லென்சிற் சிறிது பூஞ்சணம் உண்டு” என்றும் இருக்கும். இங்கே சுங்கத்தார் வரியைக் கணிக்கும்போது பொருளின் விலையோடு அனுப்புஞ் செலவையும் சேர்த்தே கணிப்பர் என்பதையும் முன்கூட்டியே கணக்கிற் கொள்க. திருப்பி அனுப்புவதாயின் அச்செலவு மறுபடியும் உண்டு. எமது நாட்டின் இணையச் சந்தைகளுள் ஒன்றின் பெயர் இக்மன். சிங்களத்தில் ‘விரைவு’ என்று பொருள். பெயர் நன்று, ஆனால் பழைய கமராவை வாங்குபவர் அப்பெயரைப் பின்பற்றலாகாது.

பெயரைக் கண்டு மயங்குவது மற்றொரு பள்ளம். லைக்கா என்னும் ஜேர்மனியக் கமரா 1925இல் லைப்சிக் கண்காட்சியிலே உலகுக்கு அறிமுகமாயிற்று. இலங்கையின் பெரும் புகைப்படக் கலைஞரான லயனல் வென்ட் கையாண்ட கமராக்களுள் அதுவும் ஒன்று. இந்த லைக்காவைப் பார்த்து, சோவியத்து நாட்டின் கார்க்கோவ் நகரிலே 1934 முதல் ஃபெட் என்ற கமராவைச் செய்தனர். இரகசியப் பொலிசின் தலைவராயிருந்த ஃபெலிக்ஸ் எட்மூந்தோவிச் செர்ஷின்ஸ்கியின் முதலெழுத்துகளே ஃபெட். கமராவுக்கு வைக்க இப்படியும் ஒரு பெயர்! அதுவும் அதன் பின் வந்த சோர்க்கியும் உழைக்கும் கமராக்கள்தாம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் பிற்காலத்தில் சிலர் அவற்றின் பெயரைச் சுரண்டிவிட்டு லைக்கா என்று பொறித்து, பொன் முலாம் பூசி, ஜேர்மன் படையின் முத்திரையும் இட்டு விற்கலாயினர். லென்சைக் கழற்றி உள்ளே நோக்கினால் உண்மை தெரியும். தூரங் காட்டும் பொறியை லென்சு தொடும் இடத்தில் லைக்காவில் ஒரு சிறு உருளை இருக்கும்; சோவியத்துக் கமராவில் உருளை இராது, தட்டையான ஓர் உலோக நாக்கு இருக்கும். பொன்னிறத்தில் மின்னும் லைக்கா மலிவாக வந்தால் அதைச் சோர்க்கி என்றே கொண்டு, சோர்க்கிக்குரிய விலையையே பேசுக.

கமரா நலமாக இருந்தும் பயன்படாமற் போவதுண்டு. அதற்கேற்ற சுருள் இன்று கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். 1934இல் வந்த 35 மில்லிமீற்றர்ச் சுருட் கூடும், 1901இல் வந்த 120 என்னும் அகலச் சுருளும் இன்றும் விற்பனையாகின்றன. வீட்டுப் பெட்டிக் கமராக்கள் பலவற்றுக்குரிய 127, 620 என்னும் அளவுகளைக் கொடக் நிறுவனம் 1995இல் நிறுத்திவிட்டது. 620 என்பது மெல்லிய தண்டிற் சுற்றிய 120 சுருளே ஆகையால், பொறுமையுள்ளோர் இருட்டிலே மாற்றிச் சுற்றிக்கொள்வர்.

பற்றரியும் அவ்வாறே. 1960களின் வெளிச்சமானிகள் பல 1.35 வோல்ற்று இரசப் பற்றரியை நம்பியவை. யப்பானின் மினமாற்றாவில் இரசம் கலந்த கடல்மீனை உண்டு மக்கள் நோயுற்று மாண்ட கொடுமையை உலகம் அறியும். அவ்வூரின் பெயரிலேயே 2013இல் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. இரசப் பற்றரி சந்தையை விட்டு மறைந்துவிட்டது. காது கேளாதோர் கருவிக்கென மருந்துக் கடைகளில் விற்கும் சிறு துத்தநாகப் பற்றரி ஏறக்குறைய அதே வோல்ற்றளவு தருவதால், அதை இட்டுக் காரியம் பார்ப்போர் உளர். 1966இல் வந்த யஷிகா எலக்ரோ கமராவோ, பற்றரி இல்லையேல் ஒரே வேகத்திலன்றி இயங்காது. ஆகவே முதன்முறையாக வாங்கும் மாணவருக்கு எமது எண்ணத்தில் ஏற்றவை பற்றரியின்றியும் முழுதாக இயங்குபவையே: 1976 முதல் 1997 வரை மாற்றமின்றிச் செய்யப்பட்ட பென்ரக்ஸ் கே 1000, நிக்கோன் எஃப்.எம்., எடை மிகுந்ததாயினும் மலிவான செனிற். வெளிச்சமானி செத்திருந்தாலும் கவலையில்லை. நல்ல வெயிலில் துவாரத்தை 16இல் வைத்து, சுருளின் உணர்திறன் எண்ணையே வேகமாகக் கொள்வது பழைய படக்காரரின் கணக்கு. சுருள் 100 ஆயின் செக்கனில் நூற்றிலொரு பங்கு. முகில் மூடினால் துவாரத்தை ஓரிரு படி திறக்க வேண்டும். பெரஹராவின் தீப்பந்த வெளிச்சத்துக்கு இக்கணக்கு உதவாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

செலவு கமராவோடு முடிவதில்லை. 35 மில்லிமீற்றரில் 36 படம். 120 சுருளிற் சதுரப் படமாயின் 12 மட்டுமே. சுருளின் விலையையும் கழுவுங் கூலியையும் கூட்டிப் படங்களின் தொகையால் வகுத்துப் பார்த்த பின் வாங்குவது புத்தி. கறுப்பு வெள்ளைச் சுருளை வீட்டிலே கழுவலாம். குளியலறையும் ஒரு கழுவுங் குடுவையும் போதும். ஆனால் புத்தகத்திலுள்ள நேரங்கள் 20 பாகை வெப்பத்துக்கு எழுதப்பட்டவை. கண்டியிற் குழாய் நீர் அதனினும் சூடானது. மருந்துப் பாத்திரத்தைப் பனிக்கட்டி இட்ட தண்ணீரில் நிறுத்தலாம், அல்லது அட்டவணையைப் பார்த்து நேரத்தைக் குறைக்கலாம். நுவரெலியா அன்பர்களுக்கு இத்தொல்லை இல்லை. அவர்கள் தண்ணீரைச் சூடாக்க வேண்டியிருக்கும்.

இதுவரை வாங்குவோருக்குச் சொன்னோம். விற்போருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. தாத்தாவின் கமராவைப் படமெடுத்து இணையத்தில் இடுமுன், அதனுள்ளே சுருள் இருக்கின்றதா என்று பார்த்தீர்களா? பலர் பார்ப்பதில்லை. முப்பத்தாறில் இருபது படம் எடுத்துவிட்டு, மீதியை அடுத்த தீபாவளிக்கு என்று வைத்தவர் மறைந்திருப்பார். வாங்கியவர் ஆவலோடு பின்மூடியைத் திறக்கும் அந்தக் கணத்திலே, எஞ்சியிருந்த முகங்கள் வெளிச்சம் பட்டு அழிந்துவிடும்.

கழுவாத சுருள் எத்தனை காலம் தாங்கும்? அந்திரே என்ற சுவீடன் நாட்டவர் 1897இல் இரு தோழரோடு பலூனில் ஏறி வட துருவத்தை நோக்கிப் புறப்பட்டார்; மூவரும் மீளவில்லை. 1930இல் ஒரு பனித் தீவிலே அவர்களின் உடல்களோடு கமராவும் சுருள்களும் கிடைத்தன. முப்பத்து மூன்று ஆண்டு பனியிற் கிடந்த அச்சுருள்களிலிருந்து 93 படங்களை மீட்டனர். கண்டி துருவமன்று, எமது வெப்பமும் ஈரமும் சுருளை விரைவிற் கெடுக்கும். நிறச் சுருளில் நிறம் முதலிற் போய்விடும். என்றாலும் கறுப்பு வெள்ளைச் சுருளில் மங்கிய உருவங்களேனும் தேறுவதுண்டு. மங்கிய உருவமாயினும், ஒரே ஒரு கடவுச்சீட்டுப் படத்தைத் தவிர வேறு படமில்லாத பாட்டியின் முகமாக அது இருக்குமாயின் அதன் பெறுமதியை அக்குடும்பமே அறியும்.

சோதிப்பது எளிது. 35 மில்லிமீற்றர்க் கமராவின் இடப்புறத்துச் சுற்றுக் குமிழை அம்புக்குறியின் பக்கமாக மெல்லத் திருப்புங்கள். தடையின்றிச் சுழன்றால் உள்ளே எதுவுமில்லை. இழுத்துப் பிடித்தால் சுருள் உண்டு. அப்பொழுது மூடியைத் திறவாமல், அடியிலுள்ள பொத்தானை அழுத்தியபடி, இழுவை விட்டுப்போகும்வரை சுற்றுக. பெட்டிக் கமராவாயின் பின்புறத்துச் சிவப்புச் சாளரத்திலே இலக்கம் தெரிகின்றதா என்று பாருங்கள். தெரிந்தால் காகிதம் முடியும்வரை முன்னோக்கிச் சுற்றிவிட்டு, இருட்டறையிலேயே திறக்க வேண்டும். எடுத்த சுருளைப் பழைய சுருள் என்று சொல்லியே கழுவக் கொடுக்க வேண்டும். எக்காலத்தது, எவ்வகையது என்று தெரியாததாயின், நிறச் சுருளாயினும் கறுப்பு வெள்ளையாகக் கழுவச் சொல்வது பெரும்பாலும் பலன் தரும். கொடாக்குரோம் என்று கூட்டின்மேல் எழுதியிருந்தால் வேறு வழியே இல்லை. அதனை நிறத்திற் கழுவும் மருந்துமுறை 2010ஆம் ஆண்டின் இறுதியோடு உலகெங்கும் நின்றுவிட்டது. கழுவும் நாள் வரும்வரை சுருளைக் காற்றுப் புகாத டப்பியில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். டப்பியின் மேல் எவருடைய கமராவிலிருந்து எடுத்தது என்பதையும், எடுத்த திகதியையும் எழுதி ஒட்டுங்கள். கமராவை அதன் பின்னர் விற்கலாம்.